வரைபடம் படிக்கப் பழக்குவது எப்படி?

கேள்வி: புனேயில் 7-ஆம் வகுப்புக்குப் புவியியல் நடத்துகிறேன். வரைபடப் பாடம் என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். என்ன செய்யலாம்?

– வாசகி, புனே

பதில்: நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒருவர் திசைகாட்டி பிடிக்க, ஒருவர் காலடி எண்ண, ஒருவர் குறிக்க, ஒருவர் வரைய, பள்ளி வளாகத்தை வரைபடமாக்கட்டும். பிறகு ஒரு பொருளை ஒளித்துவைத்து, இடத்தைப் படத்தில் குறித்து, அடுத்த குழுவிடம் கொடுக்கட்டும். தேடுபவர்கள் திணறினால், பிழை எங்கே என்று அவர்களே அலசுவார்கள்.

அடுத்து, இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம். அதில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. கடக்வாஸ்லா அணையிலிருந்து முட்டா ஆற்றின் போக்கில் நூலை வைத்து, நகருக்குள் முளா ஆற்றோடு கூடும் சங்கமம் வரை அளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, "இந்தத் தண்ணீர் எந்தக் கடலுக்குப் போகும்?" என்று கேளுங்கள். பக்கத்தில் இருப்பது அரபிக்கடல்தான். ஆனால் மேற்கே சஹ்யாத்ரி மலை மறிப்பதால், தண்ணீர் கிழக்கே பீமாவில் கலந்து, கிருஷ்ணா வழியாக வங்கக்கடலை நோக்கிப் போகிறது. விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அட்லஸைப் பார்த்து அவர்களே கண்டுபிடிக்கட்டும்.