கணக்கிட்டு வாங்கிய மகிழுந்து

ஒரு பொருளின் விலை வேறு. அதனைப் பயன்படுத்தும் செலவு வேறு. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பவரே ஏற்றதனை வாங்குவர்.

அந்தமான் தீவுகளின் தலைநகரம் போர்ட் பிளேர். 2024 ஆம் ஆண்டில் இந்நகர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இங்கு வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, நெடுநாள் சேமித்த பணத்தில் சிறிய மகிழுந்து வாங்க விரும்பியது.

“டீசல் வண்டியே வாங்குவோம். மதுரையில் உன் மாமா டீசல் இண்டிகா வைத்திருந்தார். எரிபொருள் செலவு மிகக் குறைவு என்பார்” என்றார் தந்தை.

இண்டிகா, டாட்டா நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் அறிமுகம் செய்த மகிழுந்து, இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது. நடுத்தரக் குடும்பங்களும் வாடகை வண்டி ஓட்டுநர்களும் அதன் டீசல் வகையைப் பெரிதும் விரும்பினர்.

டீசல் பொறியில் தீப்பொறி தரும் கருவி இல்லை. காற்று மிகுதியாக அழுத்தப்படுவதால் கடுஞ்சூடு அடைகிறது. அதில் தெளிக்கப்படும் டீசல் தானே எரிகிறது. இதனால் எரிபொருள் குறைவாகச் செலவாகிறது. ஆனால், அவ்வழுத்தத்தைத் தாங்கப் பொறி வலிமையாக அமைதல் வேண்டும்; ஆகவே விலை கூடுகிறது. 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாயின. புகையைத் தூய்மையாக்கும் கருவிகளால் விலை மேலும் உயர்ந்தது. சிறிய டீசல் மகிழுந்துகள் பலவற்றின் உற்பத்தி நின்றது.

மகள் தாளும் எழுதுகோலும் எடுத்தாள். “அப்பா, டீசல் வண்டி 1,00,000 ரூபாய் கூடுதல் விலை எனக் கொள்வோம். ஒரு லிட்டருக்கு அது 20 கிலோமீட்டரும், பெட்ரோல் வண்டி 15 கிலோமீட்டரும் ஓடட்டும். இரு எரிபொருளும் லிட்டர் 80 ரூபாயாக இருக்கட்டும். நாம் ஆண்டுக்கு எவ்வளவு தொலைவு செல்வோம்?”

தந்தை எண்ணிப் பார்த்தார். பள்ளி, அலுவலகம், கடைத்தெரு ஆகியன அருகிலேயே உள்ளன. திக்லிப்பூர் செல்லும் பெருஞ்சாலையில் ஜாரவா மக்களின் காப்பகப் பகுதியைக் குறித்த நேரத்தில், காவலர் துணையுடன், வரிசையாகவே கடத்தல் வேண்டும். தமிழ்நாட்டிற்கோ கப்பலிலும் விமானத்திலுமே செல்ல இயலும். “6,000 கிலோமீட்டர் இருக்கும்” என்றார்.

“பெட்ரோல் 400 லிட்டர், டீசல் 300 லிட்டர். ஆண்டுக்கு 8,000 ரூபாய் மிச்சம். கூடுதலாகக் கொடுத்த விலை திரும்பிவரப் பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும்!”

“மாமாவுக்கு மட்டும் எப்படி இலாபம் கிடைத்தது?”

“மாமா வாடகைக்கு ஓட்டினார். ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டினால், இரண்டரை ஆண்டுகளில் அப்பணம் திரும்பிவிடும். அவர் தேவை வேறு. நம் தேவை வேறு.”

தந்தை சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் மகளின் தலையை வருடி, “உன் கணக்கே சரி, அம்மா” என்றார். அடுத்த மாதம் அவர்கள் பெட்ரோல் மகிழுந்து வாங்கினர். உப்புக் காற்றால் துருப்பிடிக்காதிருக்க, அதன் அடிப்பகுதியை வாரந்தோறும் நன்னீரால் கழுவுவது மகளின் பொறுப்பாயிற்று.

சொற்பொருள்
மகிழுந்து – கார்
பொறி – இயந்திரம்
தீப்பொறி – நெருப்புத் துகள்
நன்னீர் – உப்பில்லாத நீர்

பயிற்சி
1. டீசல் பொறியின் விலை கூடுவதற்குக் காரணம் யாது?
2. தந்தை முதலில் டீசல் வண்டியை விரும்பியது ஏன்?
3. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் கூடுதல் விலை எத்தனை ஆண்டுகளில் திரும்பும்? கணக்கிடுக.
4. பிரித்து எழுதுக: நன்னீர், அவ்வழுத்தம்.
5. உம் வீட்டில் எண்ணிப் பார்த்து வாங்கிய பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.