நாடியின் கணக்கும் கைத்தொலைபேசியும்

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் அன்பர்களுக்குக் கடையின் பற்றுவரவு விரல் நுனியில் இருக்கும். தம் மணிக்கட்டில் ஓடும் நாடியின் கணக்கை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? இன்றைய பாடம் அதைப் பற்றியது.

இருதயத்துக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அறைகள். வலப்பக்க மேலறையில் பிறக்கும் சிறு மின்சாரம் அவற்றை முறைப்படி சுருங்கச் செய்கிறது. வயதானாலும், இரத்தக் கொதிப்பு நெடுநாள் இருந்தாலும், சிலருக்கு இந்த முறை கெட்டுவிடுகிறது. மேலறைகள் சுருங்காமல் நிமிஷத்துக்கு 350 தடவைக்கு மேல் வெறுமனே நடுங்குகின்றன. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். நடுங்கும் அறையில் இரத்தம் தேங்குகிறது, தேங்கியது உறைகிறது, உறைந்த கட்டி மூளைக்கு ஓடினால் பாரிசவாயு. இக்கோளாறு உள்ளவருக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம்.

இதிலுள்ள பொல்லாத விஷயம், பலருக்கு ஓர் அறிகுறியும் தெரியாது என்பதே. கை கால் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அறிந்துகொள்கிறவர்கள் உண்டு. முன்பே கண்டுவிட்டால் வழி இருக்கிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அந்த ஆபத்தைச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ஆகவே கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை.

ஹாலந்தில் லைடன் நகரப் பேராசிரியர் ஐந்தோவன் இருதய மின்சாரத்தைத் துல்லியமாக வரையும் யந்திரத்தைச் செய்தார். அதற்காக 1924இல் நோபெல் பரிசு பெற்றார். அந்த யந்திரத்தின் எடை ஏறக்குறைய 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும்; நோயாளி உப்புநீர்ப் பாத்திரங்களில் கை கால்களை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்றோ இரண்டு சிறு உலோகத் தகடுகள் போதும். இடக்கை விரலை ஒன்றிலும் வலக்கை விரலை மற்றொன்றிலும் 30 விநாடி வைத்தால், இரு கைகளுக்கிடையே உள்ள மின் வேறுபாட்டைக் கைத்தொலைபேசி கோடாக வரைந்து காட்டுகிறது. அமெரிக்க அரசாங்கம் இத்தகைய கருவியை 2012இல் அனுமதித்தது. காமிராவின் மேல் விரலை வைக்கச் சொல்லும் செயலிகள் வேறு. அவை இரத்த ஓட்டத்தின் துடிப்பைப் பார்க்கின்றனவே தவிர, இருதய மின்சாரத்தை அல்ல.

கோட்டில் பார்க்க வேண்டியவை இரண்டு. உயர்ந்த கூர்முனைகளுக்கிடையே உள்ள தூரம் ஒழுங்கின்றி மாறுகிறதா? ஒவ்வொரு கூர்முனைக்கும் முன்னே இருக்க வேண்டிய சிறு மேடு காணாமற் போயிருக்கிறதா? இரண்டும் சேர்ந்திருந்தால் சந்தேகம் பலமாகிறது.

கடைக்காரர்களாகிய நமக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இந்தச் சோதனையை ஆஸ்பத்திரியில் அல்ல, பத்து மருந்துக் கடைகளில் நடத்திப் பார்த்தார்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆன 1,000 வாடிக்கையாளர்கள் கலந்துகொண்டனர். 2014இல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு 1.5 வீதம், அதாவது 15 பேருக்கு, இக்கோளாறு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து வாங்க வந்த இடத்தில் கிடைத்த எச்சரிக்கை!

ஆனால் வியாபாரி மறுபக்கத்தையும் பார்ப்பான். இருதய நிபுணர் படித்ததோடு ஒப்பிட்டபோது, கருவியின் அக்காலக் கணிப்பு, கோளாறு இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேரைச் சந்தேகப்பட்டது. ஆயிரம் பேரில் அது 80 பேர் அளவுக்கு வரும். புதிதாகப் பிடிபட்டவர்களோ பதினைந்தே. இடையே வரும் மிகைத்துடிப்பு, கை நடுக்கம், பேசிக்கொண்டே விரலை வைப்பது, எல்லாம் கோட்டைக் கெடுக்கும். டாக்டர் கோட்டைப் பார்த்துச் சொல்லும்வரை கருவி சொன்னது வெறும் சந்தேகமே. அதை நம்பி மாத்திரை தொடங்குவது தவறு. இரத்தக் கசிவு அந்த மாத்திரையின் பெரிய தீங்கு. 'ஆஸ்பிரின் போதும்' என்று தாமே தீர்த்துக்கொள்வதும் தவறு; இக்கோளாற்றில் அது தகுந்த மாற்று அல்ல.

சந்தேகமில்லை என்று வந்தாலும் முழு நிம்மதி இல்லை. இக்கோளாறு வந்து வந்து போகும். ஒரு நாள் கல்லாவை எண்ணி வருஷ ஐந்தொகை போட முடியுமா? வேல்ஸ் நாட்டில் 65 வயது கடந்த 500 பேர் ஓராண்டு வாரம் இருமுறை கோடு எடுத்தார்கள். 19 பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. வழக்கமான வைத்தியத்தில் மட்டும் இருந்த 501 பேரில் 5 பேருக்குத்தான். 2017இல் வெளியான அந்தச் சோதனை, பாரிசவாயு குறைந்தது என்று நிரூபிக்கவில்லை. அதற்குப் போதிய அளவு பெரிய சோதனையுமன்று.

ஆகையால் இருபது வயதுப் பிள்ளைகள் இக்கருவிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. 65ஐக் கடந்தவர்கள், அதிலும் இரத்தக் கொதிப்போ நீரிழிவோ உள்ளவர்கள், டாக்டரைப் பார்க்கும்போது நாடியையும் பார்க்கச் சொல்லலாம். வீட்டிலேயே மணிக்கட்டில் இரு விரலை வைத்து ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்கலாம். இதற்குக் காசு இல்லை. தாளமின்றி ஓடினால் கோடு எடுத்து, தேதியும் நேரமும் குறித்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

மார்பு வலித்தால் மட்டும் இக்கருவியைத் தொடாதீர்கள். இரு கைகளுக்கிடையே வரையும் ஒற்றைக் கோடு மாரடைப்பைக் காட்டாமல் விட்டுவிடலாம். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு கோணங்களில் எடுக்கிறார்கள். கோடு நன்றாயிருக்கிறதென்று கடையில் உட்கார்ந்திருக்காமல், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.