அடுத்தவர் அடைத்த தோட்டாவை ஏன் வாங்கக் கூடாது

கொடகவெல, றக்குவானை, கஹவத்தை பக்கத்துத் தோட்டங்களுக்குத் திரும்பி வந்திருக்கும் உங்களில் பலர் முதலில் செய்யும் வேலை, லயத்தைச் சுற்றியுள்ள துண்டு நிலத்தைத் துப்புரவு செய்து மரவள்ளியோ வற்றாளையோ நடுவதுதான். ஆள் இல்லாமல் கிடந்த நிலம் பற்றைக் காடாகியிருக்கும். பற்றை இருக்கும் இடத்தில் காட்டுப்பன்றியும் இருக்கும். மாதக்கணக்கில் பாடுபட்டு வளர்த்த கிழங்கை ஒரே இரவில் அது கிண்டிவிட்டுப் போய்விடும்.

அடுத்த நாள் காலையில் யாராவது ஒருவர் வந்து, "துவக்கு நான் தர்றேன் அண்ணே. தோட்டாவும் நம்ம ஆளு அடைச்சதுதான், பயப்படாதீங்க" என்று சொல்லக்கூடும். அவர் நல்ல மனதோடுதான் சொல்வார். அந்த நேரத்தில் நீங்கள் என்ன பதில் சொல்ல வேண்டும், ஏன் அப்படிச் சொல்ல வேண்டும், பன்றியை வேறு எப்படிச் சமாளிக்கலாம் என்பவற்றை இந்தப் பாடம் விளக்குகிறது. வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து இதை வாசியுங்கள்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

வேட்டைத் துவக்கில் போடும் தோட்டாவுக்கு ஐந்து பகுதிகள் உண்டு. வெளியே இருப்பது கோது. அதன் அடியில் சிறு கெப் இருக்கிறது. துவக்கின் ஊசி கெப்பைத் தட்டும்போது தீப்பொறி பிறக்கிறது. அந்தப் பொறி உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்ற வைக்கிறது. மருந்துக்கு மேலே தக்கை, அதற்கு மேலே ஈயச் சன்னங்கள். மருந்து எரிந்து உண்டாகும் வாயு, தக்கையையும் சன்னங்களையும் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது.

தொழிற்சாலையில் செய்யும் தோட்டாவில் மருந்தின் வகை, எடை, சன்னத்தின் எடை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அளந்து அடைக்கப்படுகின்றன. சுட்டு முடிந்த வெறும் கோதை எடுத்து, அதில் மறுபடியும் கெப்பும் மருந்தும் சன்னமும் வைத்து மூடுவதைத்தான் கையால் அடைத்த தோட்டா என்கிறோம். மூடிய பிறகு, உள்ளே என்ன போனது என்பது அடைத்தவருக்கு மட்டுமே தெரியும். சில வேளை அவருக்கும் சரியாகத் தெரியாது.

வெளிநாடுகளில் உரிமம் பெற்று, தராசு வைத்துத் தோட்டா அடைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடையே கூட ஒரு கட்டுப்பாடு உண்டு: மற்றவர் அடைத்த தோட்டாவைத் தன் துவக்கில் போடுவதில்லை. நல்ல கருவிகளோடு வேலை செய்பவர்களே இப்படி இருக்கும்போது, தேக்கரண்டியால் அளந்து அடைத்த தோட்டாவை நாம் எப்படி நம்புவது?

எங்கே பிழை நடக்கிறது?

மருந்தின் வகை. பழைய கரிமருந்து ஒன்று. புகையில்லா மருந்து இன்னொன்று. இரண்டும் கருமையாகவே இருக்கலாம். ஆனால் புகையில்லா மருந்தின் வேகம் மிக அதிகம். கரிமருந்துக்கு வைத்த அளவில் புகையில்லா மருந்தை அள்ளிப் போட்டால், குழாய் தாங்காத அழுத்தம் உண்டாகும். பட்டாசிலிருந்தும் தீக்குச்சியிலிருந்தும் எடுத்த மருந்து இன்னும் மோசம். உரசினாலே, தட்டினாலே அது வெடித்துவிடலாம்.

மருந்தின் அளவு. சில மருந்துகள் கோதில் பாதி கூட நிரம்பாது. அடைப்பவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரே கோதில் இரண்டு முறை போட்டுவிட்டாலும் வெளியே தெரியாது.

குறைந்த மருந்தும் ஈரமும். இரத்தினபுரி மாவட்டத்து மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கையால் மூடிய தோட்டாவுக்குள் ஈரம் சுலபமாகப் போகும். ஈர மருந்து "புஸ்" என்று எரியும். சத்தம் குறைவாக இருக்கும். தக்கையும் சன்னமும் குழாயின் நடுவிலேயே நின்றுவிடும். இருட்டில் அது தெரியாமல் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழாய் பிளக்கும். குழாயைத் தாங்கிப் பிடித்திருக்கும் இடது கை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

தாமதமாகப் பற்றுதல். விசையை இழுத்ததும் வெடிக்காத தோட்டா சில விநாடிகள் கழித்து வெடிக்கலாம். "வெடிக்கலையே" என்று துவக்கைத் திறந்து பார்ப்பவரின் முகத்துக்கு நேரே அது வெடிக்கும். உங்கள் பக்கத்தில் யாருடைய துவக்காவது வெடிக்காமல் போனால், அதன் வாய்க்கு முன்னால் போகாதீர்கள். துவக்கைத் திறக்கவோ எட்டிப் பார்க்கவோ வேண்டாம் என்று அவரிடமும் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

பழைய கோது. பல முறை பயன்படுத்திய கோதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். சூடான வாயு அதன் வழியாகப் பின்பக்கம், அதாவது சுடுபவரின் கண் பக்கம், பாயும்.

கலந்து கிடக்கும் தோட்டாக்கள். ஒரே பையில் 12 போர், 20 போர் இரண்டும் கிடக்கலாம். 20 போர் தோட்டா, 12 போர் குழாய்க்குள் வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழாய் வெடித்துவிடும்.

இவற்றில் பலவற்றை வெளியிலிருந்து பார்த்தோ, குலுக்கியோ கண்டுபிடிக்க முடியாது. 1960களின் பிற்பகுதியில் வியட்நாம் போரின்போது, அமெரிக்கப் படையினர் இரகசியமாக மருந்து மாற்றிய தோட்டாக்களை எதிரியின் தோட்டாக்களோடு கலந்து விட்டார்கள். சுட்டவரின் கையிலேயே அவை வெடித்தன. ஆயுதப் பயிற்சி பெற்ற படைவீரர்களாலேயே பார்த்துப் பிரித்தறிய முடியவில்லை. அங்கே வேண்டுமென்றே செய்ததை இங்கே கவனக்குறைவு செய்துவிடும்.

கட்டுத்துவக்கும் ஹக்க பட்டாஸும்

கையால் மருந்து அடைத்த ஆயுதம் உங்கள் கைக்கு வராமலே உங்களைத் தேடி வரலாம். பன்றி போகும் பாதையில் கம்பி கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு அப்படிப்பட்டது. பன்றியின் உயரத்துக்கு வைப்பதால், கம்பியில் தட்டும் மனிதருக்குப் பெரும்பாலும் காலிலும் முழங்காலிலும்தான் காயம் படுகிறது. தீனிக்குள் வெடிமருந்து வைக்கும் ஹக்க பட்டாஸ் இன்னொன்று. பன்றிக்கு வைத்த தீனி என்று தெரியாமல் குழந்தையோ நாயோ தொட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விறகுக்கும் புல்லுக்கும் போகும்போது வழக்கமான பாதையை விட்டு விலகாதீர்கள். விடியும் முன்பும் இருட்டிய பிறகும் பற்றைக்குள் நுழையாதீர்கள். எந்தப் பக்கத்தில் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள் என்று நீண்ட காலமாக அங்கேயே இருப்பவர்களிடம் கேட்டு வையுங்கள். பழைய பாதைகள் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆனால் நீங்கள் இல்லாத காலத்தில் அவற்றில் என்ன வைத்தார்கள் என்பது தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கையோ தோட்டாவையோ வைத்திருப்பது குற்றம். வெடிமருந்துக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது. துவக்குக்காரரிடம் அனுமதிப்பத்திரம் இருந்தாலும் அது அவர் பெயருக்கு மட்டுமே உரியது. அவர் இரவல் தந்த துவக்கு உங்கள் கையில் இருந்தால் குற்றம் உங்களுடையது. "ஒரு தோட்டாதானே, அதுவும் என்னுடையது இல்லை" என்ற பேச்சு பொலிஸில் எடுபடாது. அடையாள அட்டையையும் பதிவுகளையும் இப்போதுதான் சரிசெய்துகொண்டிருக்கும் குடும்பத்துக்கு ஒரு வழக்கு எவ்வளவு பெரிய சுமை என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வேலையோடு தொடர்புடைய விபத்துக்குத்தான் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பொருந்தும். இரவில் பன்றி சுடப் போய்க் கை போனால் நட்டஈடு இல்லை. கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் இரண்டு கையும் வேண்டும். ஒரு பாத்தி மரவள்ளி போனால் அடுத்த மழைக்கு மறுபடி நடலாம்.

பன்றிக்கு என்ன செய்வது?

• நிலத்தின் ஓரத்துப் பற்றையை வெட்டி வெளியாக வைத்திருங்கள். பன்றி வெட்ட வெளியில் வரத் தயங்கும்.

• வேலி போட்டால் அடிக் கம்பி நிலத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். பன்றி தாண்டுவதைவிட அடியால் நுழைவதே அதிகம்.

• அயலவர்களோடு சேர்ந்து ஒரே பக்கமாகப் பயிரிட்டு, முறை வைத்துக் காவல் இருங்கள். தகரமும் வெளிச்சமும் போதும். தனியாகப் போக வேண்டாம்.

• வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் கொடுக்கவே கூடாது. அது மனிதரைக் கொல்லும். சட்டப்படியும் குற்றம்.

• சேதத்தைக் கிராம உத்தியோகத்தரிடமும் கமநல சேவை நிலையத்திலும் தோட்ட நிர்வாகத்திடமும் அறிவியுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992.

தோட்டாவைக் கண்டால்

பூட்டிக் கிடந்த லயத்து அறையிலோ கூரைச் சட்டத்திலோ மண்ணுக்குள்ளோ பழைய தோட்டா, மருந்து டப்பா, துவக்குக் குழாய் எதைக் கண்டாலும் தொடாதீர்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். இடத்தை அடையாளம் வைத்துவிட்டு 119க்கோ கொடகவெல பொலிஸுக்கோ சொல்லுங்கள். நீங்களே எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போகாதீர்கள். அடுப்பில் போட்டு அழிக்கவோ கிணற்றில் வீசவோ வேண்டாம். ஈரமான தோட்டாவை அடுப்பு மேடையில் காய வைப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. வன்னியிலிருந்து வந்தவர்கள் அங்கே மிதிவெடி பற்றிப் படித்த பாடம்தான் இதற்கும்: தொடாதே, நெருங்காதே, அறிவி.

காயம் பட்டால்

• உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

• இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள், மஞ்சள் எதுவும் போட வேண்டாம்.

• காயத்துக்குள் இருக்கும் சன்னத்தையோ இரும்புத் துண்டையோ இழுக்காதீர்கள்.

• கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள், தாய்ப்பால் விடாதீர்கள். கண்ணில் அழுத்தம் படாமல் மேலே ஒரு சிறு கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்தபடி கொண்டு போங்கள்.

• விரல் துண்டாகிப் போனால், ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டு போங்கள். விரலில் நேரடியாக ஐஸ் படக் கூடாது.

• எப்படி நடந்தது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வழக்குக்குப் பயந்து வீட்டில் வைத்திருந்தால் கையோடு உயிரும் போகலாம்.

எப்படி மறுப்பது?

அயலவரோடு மனத்தாங்கல் வந்துவிடுமோ என்ற தயக்கம் நியாயமானது. புதிதாக வந்து குடியேறியவர்களுக்கு அயலவரின் உறவு பெரிய பலம். அதனால் மரியாதையாகவே சொல்லுங்கள்: "நீங்க கேட்டதே பெரிய காரியம் அண்ணே. பத்திரம் இல்லாம நான் துவக்கைத் தொட மாட்டேன். இன்னைக்கு ராத்திரி காவலுக்கு நீங்களும் வாங்க, சேர்ந்து இருப்போம்." இப்படிச் சொன்னால் அவரும் முகம் கோண மாட்டார். காவலுக்கு ஓர் ஆளும் கிடைக்கும்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் யாராவது தோட்டாவோ மருந்தோ வாங்கி வைத்திருக்கிறார்களா?

2. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் குறுக்குப் பாதையில் கட்டுத்துவக்கு வைக்கும் இடம் உண்டா?

3. 119, 1990, 1992 என்ற மூன்று இலக்கங்களும் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே கதவில் எழுதி ஒட்டுங்கள்.