கட்ட ஆரம்பிச்ச ஃபேக்டரியை ஃபோர்டு ஏன் பாதியில விட்டுச்சு?

"ஏற்கெனவே இவ்ளோ போட்டாச்சே, இப்ப எப்படி விடறது?" இந்தக் கேள்வி சீட்டு, பாலிசி, ஃபிளாட் எல்லாத்துலயும் வரும். இதுக்கு நான் படிச்சதுலயே நல்ல உதாரணம் ஒரு கார் ஃபேக்டரிதான்.

2016 ஏப்ரல். மெக்சிகோவின் சான் லூயிஸ் போதோசியில் 160 கோடி டாலர் செலவில் சின்ன கார் ஃபேக்டரி கட்டப்போவதாக ஃபோர்டு அறிவிச்சது. கணக்கு சுலபம். கூலி குறைவு, பக்கத்துலயே அமெரிக்க மார்க்கெட், நாஃப்டா ஒப்பந்தத்தால் இறக்குமதி வரி பூஜ்யம். சின்ன காரில் லாபம் ரொம்ப மெல்லிசு, அதனால இந்தப் பூஜ்யம்தான் உயிர். அப்போ டிரம்ப் இன்னும் ஒரு வேட்பாளர்தான். மெக்சிகோவிலிருந்து வரும் காருக்கு 35% வரி போடுவேன்னு பேசிட்டிருந்தார். 15,000 டாலர் மதிப்புள்ள காருக்கு 35%னா 5,250 டாலர். அந்தக் காரில் அவ்வளவு லாபமே கிடையாது.

நவம்பரில் அவர் ஜெயிச்சார். 2017 ஜனவரி 3ஆம் தேதி ஃபோர்டு திட்டத்தை ரத்து செய்தது. முக்கியக் காரணம் சின்ன கார் விற்பனை குறைஞ்சதுதான்னு அப்போதைய தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ் சொன்னார். இருக்கலாம். ஆனா ரெண்டு காரணமும் ஒரே பக்கம்தான் தள்ளுச்சு. வேலை ஆரம்பிச்சிட்டதால சுமார் 20 கோடி டாலர் நஷ்டத்தைக் கணக்கில் எழுத வேண்டியதாச்சு.

இப்ப நம்ம பாடம். கீழே வர்றது ஃபோர்டு கணக்கு இல்லை, நான் போட்ட எண்கள். ஒரு திட்டம் நல்லா போனா எல்லாச் செலவும் போக 40 கோடி லாபம். அரசியல் மாறினா 100 கோடி நஷ்டம். மாற வாய்ப்பு 20%னு நினைச்சா: 32 கழித்தல் 20, அதாவது 12 கோடி பிளஸ். போடலாம். வாய்ப்பு 50% ஆயிட்டா: 20 கழித்தல் 50, அதாவது 30 கோடி மைனஸ். ஃபேக்டரி அதே, ஊர் அதே. மாறினது ஒரே ஒரு சதவீதம்.

இதே திட்டத்தை ரெண்டு கட்டமா பிரிங்க. முதல்ல 20 கோடி மட்டும், தேர்தல் முடிவு தெரிஞ்சப்புறம் மீதி. கெட்டது நடந்தா 20 கோடியோட வெளியே வந்துடலாம். இப்ப அதே 50% வாய்ப்பிலும்: 20 கழித்தல் 10, அதாவது 10 கோடி பிளஸ்! எங்க ஃபைனான்ஸ் பேப்பர்ல இதுக்கு ரியல் ஆப்ஷன்னு பேர். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணேன், புரிஞ்சது ரொம்ப லேட்டா.

எவ்ளோ லேட்டுன்னா, முதல் வேலையில் சேர்ந்ததும் ஆபீஸிலிருந்து 2 கிலோமீட்டரில் ஃபிளாட் வாங்கினேன். எட்டு மாசத்துல கம்பெனி ஊரோட அந்தப் பக்கம் இடம் மாறிடுச்சு. இஎம்ஐ 31,000, வந்த வாடகை 14,000. ஆபீஸ் கட்டடத்தோட லீஸ் எப்ப முடியுதுன்னு ஹெச்ஆர்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. ஒரு வருஷம் வாடகைக்கு இருந்திருந்தா, அதுதான் என்னோட முதல் கட்டம்.

சரி, கதைக்கு வருவோம். அதே சான் லூயிஸ் போதோசியில் பிஎம்டபிள்யூவும் 100 கோடி டாலரில் ஃபேக்டரி கட்டிட்டிருந்தது. டிரம்ப் அவங்களையும் 35% சொல்லி மிரட்டினார். அவங்க நகரலை. 2019 ஜூனில் திறந்தாங்க. ஏன்னா அங்கே செய்யற 3 சீரிஸ் கார் அமெரிக்காவுக்கு மட்டும் இல்லை, உலகம் முழுக்கப் போகுது. விலையும் லாபமும் வேற லெவல். அதனால அரசியல் மாற்றம் ஒண்ணுதான், அடி மட்டும் ஆளுக்கு ஆள் வேற.

அதுக்காக பிஎம்டபிள்யூ ஜெயிச்சுது, ஃபோர்டு தோத்துதுன்னு நான் எழுத மாட்டேன். 2025 ஏப்ரலில் இறக்குமதி கார்களுக்கு 25% வரி நிஜமாவே வந்தது. மெக்சிகோ கார்களுக்கான கூடுதல் வரியைக் கொஞ்ச நாளைக்கு பிஎம்டபிள்யூ தானே ஏத்துக்கிட்டது. ஃபோர்டு? அமெரிக்காவுக்கான ஃபோகஸ் காரை முதல்ல மெக்சிகோவிலேயே ஏற்கெனவே இருந்த எர்மோசியோ ஃபேக்டரிக்கு மாத்தறதா சொன்னாங்க, அப்புறம் சீனாவுக்குன்னு மாத்தினாங்க. 2018ல் சீன கார் மேலயும் 25% வரி விழ, அந்த இறக்குமதியையே கைவிட்டாங்க. ஆனா ஒரு வித்தியாசம் பாருங்க: ரெண்டாவது தடவை அவங்க அமெரிக்காவுக்குன்னு புது ஃபேக்டரி எதுவும் கட்டியிருக்கலை.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். அடுத்த அஞ்சு வருஷத்துக்கு நீங்க கையெழுத்துப் போடப்போற பெரிய விஷயம் ஒண்ணை எடுத்துக்கோங்க. ஃபிளாட், வெளிநாட்டுப் படிப்புக்கான லோன், பாண்ட் போடற வேலை, எதுவானாலும் சரி. அது எந்த ஒரு விதி மாறினா கவிழும்? அதுக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு? முதல் கட்டத்தோட வெளியே வர எவ்ளோ செலவாகும்? மூணு எண்ணையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. மூணாவது எண் உங்களுக்குத் தெரியலைன்னா, இன்னிக்கு கையெழுத்துப் போடாதீங்க.