ட்ரைவால் மூடுமுன் பார், தங்கச்சி

தங்கச்சி, ஒன்ராறியோவில் காணி வாங்கி மரச்சட்ட வீடு கட்டப் போகிறாய், மேற்பார்வையும் நீயேதான் என்றாய். நல்ல காரியம். ஊரில் கல்வீட்டில் பிழை இருந்தால் சுவரே வெடித்துக் காட்டிவிடும். இங்கே முக்கியமானதெல்லாம் ட்ரைவாலுக்குப் பின்னால் மறைந்துவிடும். அதனால் சட்டம் எழும்பியதற்கும் ட்ரைவால் அடிக்கிறதற்கும் இடைப்பட்ட கிழமைகளுக்கு உன் லீவை மிச்சம் பிடித்து வை. டைல்ஸ், பெயின்ற் தெரிவுக்கு லீவு தேவையில்லை.

காசு விஷயம் முதலில். நீயே பில்டராக நின்றால், புதுவீடுகளுக்குக் கிடைக்கிற டேரியன் உத்தரவாதம் கிடையாது. கட்டுமான காலத்துக்கென்று தனி இன்சூரன்ஸ் எடு. ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10% பிடித்து வைக்கச் சட்டமே சொல்கிறது. கொன்ராக்டர் சொந்தக்காரர் என்றாலும் பிடித்து வை, கூச்சப்படாதே.

மரம் வந்து இறங்கியதும் முத்திரையைப் பார். 'எஸ்-ட்ரை' என்றிருந்தால், சீவும்போது ஈரம் 19 வீதத்துக்கு மேல் இல்லை என்று அர்த்தம். பொருத்தும்போதும் அதே 19 தான் எல்லை. மரத்தைச் சேற்றில் போடவிடாதே. கட்டைகள் வைத்து உயர்த்தி, மேலே மட்டும் படங்கு போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடச் சொல். ஈரமானி ஒன்று வாங்கு. அதன் இரண்டு ஊசியையும் மரத்தில் அழுத்தினால் எண் தெரியும். மழை நனைத்த சட்டத்தில் எண் இறங்கும்வரை இன்சுலேஷன் வைக்க விடாதே. எவ்வளவு அவசரப்படுத்தினாலும் விடாதே.

நான் கூடப் பயப்படுவது பிளம்பர் வருகிற நாளுக்குத்தான். குழாய் போக வழி இல்லையென்றால் தளம் தாங்குகிற ஜொய்ஸ்ற்றை அறுத்துவிடுவார்கள். துளை, மரத்தின் உயரத்தில் கால்வாசிக்கு மேல் போகக்கூடாது. மேல், கீழ் விளிம்பிலிருந்து 2 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். 2க்கு 10 மரத்தின் உண்மையான உயரம் 9¼ அங்குலம். ஆகவே 2¼ அங்குலத் துளையோடு சரி. அடிப்பக்கம் வெட்டவே கூடாது. ஐ வடிவ ஜொய்ஸ்ற் என்றால் மேல், கீழ்ப் பட்டியில் ஒரு கீறலும் விழக்கூடாது; நடுப்பலகைத் துளைக்குக் கொம்பனியின் அட்டவணை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கு. வெட்டிவிட்டார்களா? வேலையை நிறுத்தி எஞ்சினியரைக் கூப்பிடு.

வெளிச்சுவரில் டைவெக் மாதிரித் தாள் சுற்றும்போது மேல்தாள் கீழ்த்தாளுக்கு மேலே விழவேண்டும், ஓடு வேய்கிற மாதிரி. ஜன்னலுக்கும் ஒட்டுப்பட்டி முதலில் அடியில், பிறகு இரு பக்கம், கடைசியாக மேலே. வரிசை மாறினால் மழைத்தண்ணீர் நேரே சுவருக்குள் இறங்கும். வருடக்கணக்காக ஒருவருக்கும் தெரியாமல் மரம் உக்கும்.

உள்ளே 6 மில் பொலித்தீன் அடிப்பார்கள். அது வீட்டுப் பக்கமாகத்தான் வரவேண்டும். குளிர்காலத்தில் உள்ளே இருக்கிற ஈரக்காற்று சுவருக்குள் புகுந்தால், குளிர்ந்த வெளிப்பலகையில் பட்டுத் தண்ணீராகிவிடும். புட்டும் இடியப்பமும் அவிக்கிற எங்கள் குசினிகளில் ஆவி கொஞ்சமா? மின்பெட்டிகளைச் சுற்றி ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார். குசினி விசிறியின் குழாய் வீட்டுக்கு வெளியே போய் முடிய வேண்டும், அட்டிக்குள் அல்ல.

சுவாமித் தட்டு, டிவி, குளியலறையில் அம்மா பிடிக்கக் கைப்பிடி எல்லாம் எங்கே என்று இப்போதே முடிவெடு. அந்தந்த இடத்தில் சுவரின் நிமிர்ந்த மரங்களான இரண்டு ஸ்ரட்டுக்கும் நடுவே குறுக்குக் கட்டை அடிக்கச் சொல். வெறும் ட்ரைவாலில் திருகாணி பாரம் தாங்காது.

சட்டத்துக்கும் இன்சுலேஷனுக்கும் நகரசபை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சம்மதிக்கும்வரை எதையும் மூட விடாதே. அவர் போனபிறகு, அளவுநாடாவை விரித்துப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடு. அறைப்பெயர் போட்டுச் சேமித்து வை. நாளைக்கு ஆணி அடிக்கிற இடத்தில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று அந்தப் படத்தில்தான் பார்க்கவேண்டி வரும்.