தேரைப்பூச்சி: கண்ணில் படாததெல்லாம் இல்லாததா?

பூச்சி என்றதும் நாம இலையைத்தான் புரட்டிப் பார்ப்போம். ஈரச் சேற்றிலும் சருகுக்கு அடியிலும் ஒரு கூட்டம் சத்தமில்லாமல் வேட்டையாடிக்கிட்டு இருக்கு. அதில் நான் விரும்பிப் படித்தது தேரைப்பூச்சி.

கதிர் நாவாய்ப்பூச்சி நமக்கெல்லாம் தெரியும். தேரைப்பூச்சியும் நாவாய்ப்பூச்சி இனம்தான். ஆனா இது பால் கதிரை உறிஞ்சாது. சின்னப் பூச்சிகளைத் தாவிப் பிடித்து, அதன் சாற்றை உறிஞ்சும். அளவு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். முண்டக்கண், சொரசொரப்பான முதுகு, தத்தித் தத்திப் போகும் நடை. அப்படியே ஒரு குட்டித் தேரை!

உலகத்தில் இதில் சுமார் 100 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை இரண்டு பேரினங்களுக்குள் அடங்கிவிடும். ஜெலஸ்டோகோரிஸ் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழ்வது. ஆறு, குட்டைகளின் மணல் கரைதான் அதன் வீடு. நெர்த்ரா உலகின் வெப்பமான பகுதிகள் பலவற்றிலும் பரவியிருக்கு. நம்ம இந்தியாவிலும் உண்டு. இது சேற்றில் புதைந்தும் கல்லுக்கு அடியிலும் கிடக்கும். சில இனங்கள் தண்ணீரை விட்டுத் தள்ளி, சருகுக்குள்ளேயே வாழும்.

அடையாளம் காண்பது எப்படி?

1. உணர்கொம்பு மேலே தெரியாது. கண்ணுக்குக் கீழே மறைந்திருக்கும்.

2. முன்னங்கால் தொடை பருத்திருக்கும். கும்பிடுபூச்சி மாதிரி இரையைக் கவ்வத்தான் அது.

3. முன்னங்காலின் நுனிப் பாதம் தனியாக அசைந்து, இரண்டு நகம் இருந்தால் ஜெலஸ்டோகோரிஸ். பாதம் காலோடு ஒட்டிப்போய் ஒரே நகம் இருந்தால் நெர்த்ரா. இதைப் பார்க்க நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி வேணும்.

4. நிறத்தை நம்பாதீங்க. ஒரே இனம் கருமண்ணில் ஒரு நிறமாகவும் வெள்ளை மணலில் வேறு நிறமாகவும் இருக்கும். போதாததுக்கு முதுகில் மண்ணை வேற அப்பிக்கொள்ளும்.

எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல, ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்கணும். 1955-ல் டாட் என்ற அமெரிக்க அறிஞர் இந்தக் குடும்பம் முழுவதையும் ஆராய்ந்து வகைப்படுத்தினார். இன்றும் ஆய்வாளர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் நெர்த்ரா பிரெசிபுவா என்று ஓர் இனம் இருக்கு. இது போன்றவற்றை 'அரிய இனம்' என்கிறோம். நான் கேட்பது, அது உண்மையிலேயே குறைவா, இல்லை யாரும் சருகைப் புரட்டிப் பார்க்கலையா? மண் நிறத்தில், மண்ணைப் பூசிக்கொண்டு, மண்ணுக்குள் கிடக்கிற உயிரை வலை வீசிப் பிடிக்க முடியாது. குனிந்து தேடணும். ஒரு புது இடத்தில் ஒன்று கிடைத்தாலும் அதன் பரவல் வரைபடமே மாறிப்போகும். இனத்தைத் தவறாகச் சொல்லிவிட்டால் வரைபடமும் பொய்யாகிவிடும்.

இதில் அவசரமும் இருக்கு. நெர்த்ராவில் சில இனங்களுக்கு முன்சிறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும், பறக்க முடியாது. அது வாழும் கரையைச் சுரண்டி எடுத்தால், சருகை எரித்தால், பறந்து போய்ப் பிழைக்க வழியில்லை. வேறு இடத்திலிருந்து பறந்து வந்து குடியேறவும் முடியாது. பெயர் தெரியும் முன்பே அந்த இடத்தில் அது அழிந்துபோகும்.

நாம செய்யக்கூடியது என்ன? வாய்க்கால் கரையிலும் குளத்தோரத்திலும் கொஞ்சம் ஈரமும் சருகும் அப்படியே இருக்கட்டும். தரை மட்டத்துக்கு ஒரு டம்ளரைப் புதைத்து வைத்து, காலையில் என்ன விழுந்திருக்கு என்று பாருங்க. பார்த்துவிட்டு விட்டுடுங்க. இடம், தேதி, மண், ஈரம் நாலையும் நோட்டில் குறியுங்க.

தெரியாத நாவாய்ப்பூச்சியைக் கண்டால் நசுக்கும் முன் வாயைப் பாருங்க. குட்டையாக, தடித்து இருந்தால் பெரும்பாலும் வேட்டைக்காரன். நீளமாக, மெலிந்து இருந்தால் பெரும்பாலும் பயிர்ச்சாறு குடிப்பது. விதிவிலக்கு உண்டு, ஆனாலும் அந்த ஒரு நிமிடப் பார்வை நம்ம பக்கம் நிற்கிற பல உயிர்களைக் காப்பாற்றும்.