வண்டியும் மூச்சு விடும்

வல்லார்பாடம் ஒரு தீவு. கொச்சிக் காயலில் இருக்கிறது. 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் வந்தன. 2011-ல் கண்டெய்னர் துறைமுகம் திறந்தார்கள். அதன் பிறகு பெரிய பெரிய லாரிகள் அந்தப் பக்கம் ஓடுகின்றன. மழை இல்லாத நாளில் லாரி போன பின்னால் பாருங்கள். சாலை ஓரத்து மண் எழும்பிக் கண்ணை மறைக்கும்.

அந்தத் தீவில் ஒரு மெக்கானிக் கடை. ஒரு நாள் வாத்துருத்தியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் வாத்துருத்தியில் நிறைய உண்டு. அவர் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தில் பழைய டர்ட் பைக் ஒன்று வாங்கியிருந்தார். மண்ணிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்த பைக் அது. அதற்குப் பதிவு எண் கிடையாது. சாலையில் ஓட்டக் கூடாது. ஆகவே குட்டியானையில் ஏற்றிக் கொண்டு வந்தார்.

“சேட்டா, வண்டி இழுக்க மாட்டேங்குது. நீலமாப் புகை விடுது” என்றார்.

மெக்கானிக் சீட்டைக் கழற்றினார். உள்ளே ஏர் ஃபில்டர் இருந்தது. அதாவது காற்று வடிகட்டி. ஸ்பாஞ்சு போல இருக்கும். தொட்டுப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் காய்ந்து கிடந்தது. கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினார். விரலில் நறநறவென்று மணல்!

“தம்பி, ஃபில்டரை எதில கழுவினீங்க?”

“பெட்ரோல்ல, சேட்டா. பளிச்சுனு இருக்கே!”

“எண்ணெய் போட்டீங்களா?”

“எண்ணெயா? கழுவின பிறகு எதுக்கு எண்ணெய்?”

தவறு அங்கேதான் நடந்திருக்கிறது.

எஞ்சின் பெட்ரோலை மட்டும் குடிப்பதில்லை. காற்றையும் குடிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவு காற்றும் ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும். ஸ்பாஞ்சில் இருக்கும் ஓட்டைகள் பெரியவை. பொடி மணல் அதில் சுலபமாக நுழைந்துவிடும். அந்த மணலைப் பிடித்து வைப்பது ஸ்பாஞ்சில் தடவிய எண்ணெய்தான். ஈக்கள் பலாப்பழப் பாலில் ஒட்டுவது போல மணல் அதில் ஒட்டிக்கொள்ளும்.

எண்ணெய் இல்லாவிட்டால்? மணல் நேராக உள்ளே போகும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மாட்டும். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத் தேய்க்கும். ரிங் தேய்ந்துவிடும். கீழே இருக்கும் எஞ்சின் ஆயில் மேலே ஏறி எரியும். அதுதான் நீலப் புகை. அழுக்கு ஃபில்டர் போட்டால் வண்டி இழுக்காது, பெட்ரோல் அதிகம் குடிக்கும். அதைக் கழுவிச் சரி செய்யலாம். காய்ந்த ஃபில்டர் எஞ்சினையே தின்றுவிடும்.

இளைஞர் முகம் வாடிப் போனது. சிலிண்டரை போர் போட வேண்டும். பிஸ்டனும் ரிங்கும் புதிதாக வாங்க வேண்டும். மெக்கானிக் செலவை மறைக்காமல் சொன்னார். வேலையைக் கற்றும் கொடுத்தார்.

முதலில், ஃபில்டரை எடுத்தவுடன் குழாயின் வாயில் சுத்தமான துணியை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைத் துடைக்கும்போதே மணல் உள்ளே விழும். ஸ்பாஞ்சை ஃபில்டர் கழுவும் திரவத்திலோ மண்ணெண்ணெயிலோ அலச வேண்டும். பெட்ரோல் கூடாது. ஸ்பாஞ்சை ஒட்டிய பசையை அது இளக்கிவிடும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பிறகு சோப்புத் தண்ணீரில் அலசலாம். பிழியும்போது துணியைப் போல முறுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்க வேண்டும். முறுக்கினால் தையல் விடும். கிழிந்த ஸ்பாஞ்சைத் தூக்கி எறிய வேண்டியதுதான். தைத்துப் போடுவது வீண்.

நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய். ஃபில்டருக்கென்றே ஒட்டும் எண்ணெய் விற்கிறது. சாதாரண எஞ்சின் ஆயில் வழிந்து கீழே இறங்கிவிடும். ஸ்பாஞ்சை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எண்ணெய் ஊற்றிப் பிசையலாம். கை அழுக்காகாது. எல்லா இடமும் ஒரே நிறமாக வர வேண்டும். வெளுத்த இடம் இருந்தால் அங்கே எண்ணெய் இல்லை என்று அர்த்தம். அதிகமான எண்ணெயை அமுக்கி எடுத்துவிட வேண்டும்.

கடைசியில்தான் பலர் கோட்டை விடுவார்கள். ஃபில்டரின் விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். அது பெட்டியோடு சுற்றிலும் ஒட்டி உட்கார வேண்டும். ஓர் ஓரத்தில் இடைவெளி இருந்தாலும் காற்று அந்த வழியே நுழையும்.

சாலையில் ஓடும் பல பைக்குகளில் காகித ஃபில்டர் இருக்கும். அதைக் கழுவக் கூடாது. கம்பெனி சொன்ன கணக்கில் மாற்ற வேண்டும்.

“எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவணும், சேட்டா?”

“புழுதியில ஓட்டினா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு. ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா தெரியுமா? 2024-ல சவுதியில நடந்த டக்கார் பந்தயத்துல ரேலி 2 பிரிவுல ஜெயிச்சவர். எவ்வளவு பெரிய வீரரா இருந்தாலும் ஃபில்டரைக் கவனிக்காம பாலைவன மணலைத் தாண்ட முடியாது.”

இளைஞர் இரண்டு ஃபில்டர் வாங்கினார். ஜூன் மாதம் வந்தால் கொச்சியில் மழை விடாது. ஸ்பாஞ்சு காய இரண்டு நாள் கூட ஆகும். ஒன்று கொடியில் தொங்கும்போது மற்றது வண்டியில் இருக்கும்.